கிழிக்க மனம் வரும் புத்தகம்

"இதுல எது நல்ல புத்தகம்?"

கேட்டுவிட்டு சூசைமாணிக்கம் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஆறு புத்தகங்கள் மடத்துச் சமையலறை மேசையில் விழுந்தன. ஒன்று நழுவி, நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தில் போய் நின்றது.

சிஸ்டர் எவுப்ராசி வெங்காயத்தை மட்டும் காப்பாற்றினார்.

"எதுக்கு நல்லதுன்னு கேக்குறீங்க?"

"லத்தீன் படிக்க. நானே வீட்ல உக்காந்து, எவன் தயவும் இல்லாம."

"எவன் தயவும் வேணாம்னா மலையேறி இங்க எதுக்கு வந்தீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. வந்த வேகத்தில் திரும்பிப் போயிருப்பார். ஆனால் அந்த வட்டாரத்தில் லத்தீனை முழுசாகத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பங்குச் சாமியாருக்கே பூசைக்கு வேண்டிய நாலு வரியோடு சரி.

குருவாகிய சிஸ்டருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கீழே குருமடத்துப் பையன்களுக்கு லத்தீன் எடுப்பார். மேலே மடத்தில் முறை வந்தால் சமைப்பார்.

சீடருக்கு அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். அவர் விசில் ஊதினால் ஊரில் பிள்ளைகுட்டி பெற்றவன்கூட இன்றைக்கும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவான். அப்பேர்ப்பட்ட மனுசர் ஒரு சின்னப் பெண்ணிடம் வந்து நிற்கிறார் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்.

"ஆறையும் படிச்சுட்டீங்களா, சார்?"

"எங்க படிக்க விடுறானுங்க?"

நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து ஆட்டினார்.

"இது இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு எழுதினது. லத்தீன் சொல்லித் தர்றேன்னுட்டு இங்கிலீஷ் இலக்கணத்தைக் கேட்டு உசுர வாங்குறான். எனக்கு அதுவே தகராறு."

அடுத்ததை எடுத்தார்.

"இது முழுக்கப் படம். அர்த்தம் போட மாட்டானாம். பாத்தாலே புரியுமாம். எனக்குப் புரியலையே, அப்ப நான் மடையனா?"

"அப்படி எழுதியிருக்கா?"

"எழுதுவானா? இளிச்சுக்கிட்டே சொல்றான். இந்தா, இதுல பயிற்சி இருக்கு, விடை இல்லை. தனியாப் படிக்கிறவன் விடைக்கு எந்தச் சுவத்துல போய் முட்டுவான்? இது ரெண்டும் வெறும் அட்டவணை. இது பழைய குருமடத்துத் தமிழ். லத்தீனே பரவாயில்லைன்னு ஆயிருச்சு."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. தானாகப் படிப்பவனுக்கு என்று புத்தகம் எழுதுகிற மகராசர்களில் முக்கால்வாசிப் பேர் தனியாக உட்கார்ந்து எதையும் படித்ததே கிடையாது. பக்கத்தில் ஒரு வாத்தியார் இருப்பார் என்ற நினைப்பில் எழுதிவிட்டு, அட்டையில் மட்டும் வாத்தியார் வேண்டாம் என்று போட்டுவிடுவார்கள்.

சிஸ்டர் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"எது வரைக்கும் போனீங்க?"

"எல்லாத்துலயும் நாலாம் பாடம் வரைக்கும்."

"அப்புறம்?"

"தப்பு வந்துச்சு. முதல்ல இருந்து வந்தேன்."

"மறுபடி தப்பு வந்தா?"

"மறுபடி முதல்ல இருந்து."

"மறுபடி?"

"வேற புத்தகம் வாங்கினேன்."

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பார்வை? அணிவகுப்புல ஒருத்தன் கால் மாத்தி வெச்சான்னா மொத்த வரிசையையும் மைதானத்து கேட்டுக்குத் திருப்பி அனுப்புவேன். முதல்ல இருந்து வரணும். வெயில்ல மயங்கி விழுந்தாலும் சரி, முதல்ல இருந்து. என் பசங்க நடந்தா ஒரே கால் நடக்குற மாதிரி இருக்கும். மாவட்டத்துல கேட்டுப் பாருங்க."

"கேக்கத் தேவையில்லை. அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் இப்ப எங்கிட்ட படிக்கிறாங்க. ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா தாளையே மாத்துறாங்க."

"நல்ல பழக்கம்."

"பரீட்சையை முடிச்சதே இல்லை, சார்."

சூசைமாணிக்கம் காலிப் பையை எடுத்து உதறினார்.

"இந்த வயசுல லத்தீன் எதுக்கு?"

அவர் புத்தகங்களை மறுபடி பைக்குள் திணித்தார். பாதியில் நின்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் வீட்டுக்காரி கித்தேரி. செத்து மூணு வருசம் ஆச்சு. பாட்டுக்குழுவுல இருந்தா. பாடுறது என்னன்னு தெரியணும்னு லத்தீன் படிக்க ஆரம்பிச்சா. நான் மைதானத்துல இருக்குற நேரமெல்லாம் வீட்ல உக்காந்து படிச்சிருக்கா. இதைப் படிச்சு யார்கிட்டடி பேசப் போறன்னு ஒரு நாள் கேட்டேன். உங்ககிட்டத்தான்னா."

"சரி."

"சாகப் போறோம்னு தெரிஞ்சதும் கல்லு வெட்டுறவனை வீட்டுக்கே வரவழைச்சு, கல்லறையில என்ன வெட்டணும்னு அவளே சொல்லியிருக்கா. ரெண்டு லத்தீன் வார்த்தை. கடைசியில ஒரு கேள்விக்குறி. எனக்குப் புரிஞ்சது அந்தக் கேள்விக்குறி ஒண்ணுதான்."

"போன்ல போட்டாலே அர்த்தம் வருமே."

"சத்தியம் வாங்கிட்டா, சிஸ்டர். யார்கிட்டயும் கேக்கக் கூடாது, போன்ல பாக்கக் கூடாது, அகராதியைப் புரட்டக் கூடாது, பாடம் பாடமாப் படிச்சு வரணும்னு. புரட்டினா அது காப்பியாம். நான் பரீட்சைக் கூடத்துல எத்தனை பேரைப் பிடிச்சுக் குடுத்தவன். எங்கிட்டயே சொல்றா."

புத்தகங்களின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் கடைசியில் இருந்த சொற்பட்டியலை அவரே ஸ்டேப்ளர் போட்டு இறுக்கி மூடியிருந்தார்.

"கல்லறைத் திருநாளைக்கு ஊரே வருது. பூ வெக்க வர்றவன், மெழுகுவத்தி வெக்க வர்றவன் எல்லாம் அவ கல்லுகிட்ட நின்னு போன்ல பாக்குறான். பாத்துட்டு என்னைப் பாக்குறான். சிரிக்கிறான். என்னடா சிரிப்புன்னு கத்துனா இன்னும் கூடச் சிரிக்கிறான். சாமியாரும் சிரிக்கிறாரு. அவ என்னமோ கேட்டிருக்கா. ஊருக்கே தெரியுது. யாரைக் கேட்டாளோ அவனுக்குத்தான் தெரியலை."

"அவங்க மேல கோபமா?"

"பின்ன? வயித்து வலியை மாசக்கணக்கா மறைச்சா. எங்கிட்டச் சொன்னா நான் கத்துவேனாம். டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கா. எல்லாம் கைமீறிப் போன பெறகு டாக்டர் வாயால நான் கேக்குறேன்."

"சொல்லியிருந்தா கத்தியிருப்பீங்களா?"

அவர் நேர்மையான மனுசர்.

"கத்தியிருப்பேன்," என்றார்.

வெந்நீர்ப் பானை கொதிக்கத் தொடங்கியது.

"சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எது நல்ல புத்தகம்?"

"எதைக் கிழிக்க உங்களுக்கு மனசு வருதோ அது."

விளையாட்டுக்குக்கூட கித்தேரி அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து சிஸ்டர் முன்னால் டப்பென்று போட்டார்.

"இது. இவனை எட்டாக் கிழிச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை விரித்தார். முதல் நான்கு பாடத்தையும் ஒரே பிடியாகப் பிடித்து, தையலோடு இழுத்துக் கிழித்து, அடுப்பில் போட்டார்.

சூசைமாணிக்கம் போட்ட சத்தத்தில் மடத்துத் தலைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"என்ன காரியம் பண்றீங்க? புத்தகத்தை எரிக்கிறீங்களே, நீங்கல்லாம் வாத்தியாரா? உங்களை எவன் வேலைக்கு வெச்சான்?"

"முதல் பாடத்துல என்ன இருந்துச்சு?"

"இனிமே எதுக்கு அது? அதான் எரிஞ்சு போச்சே."

"சொல்லுங்க, சார்."

அவர் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். விவசாயியைச் சொன்னார், அவன் மகளைச் சொன்னார், அவள் மாலுமிக்குக் கொடுத்த ரோஜாவைச் சொன்னார். ஒருமை பன்மை ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் பாடத்துக்குத் தாவினார், மூன்றாவதுக்குப் போனார். அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கும் குரலில், ஒரு இடத்தில்கூடத் திணறாமல், நாலாம் பாடத்தின் கடைசி வரி வரைக்கும் வந்து நின்றார்.

மூச்சு வாங்கியது.

"அப்புறம் அந்தத் தாள் எதுக்கு?" என்றார் சிஸ்டர்.

அவர் அடுப்பை முறைத்தார். கோபம் இன்னும் ஏறியது.

"இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. முடிச்ச பாடத்தைக் கிழிச்சுக் கொண்டாங்க. வெந்நீருக்கு ஆகும்."

"தப்பு இருந்தா?"

"தப்போட வாங்க."

"தப்போட ஒருத்தனையும் நான் முன்னால விட்டதில்லை."

"தெரியும்," என்றார் சிஸ்டர். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே மலையிறங்கினார். குருவாம், அடுப்பூதுகிற குரு. இந்தப் பக்கம் இனிமேல் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

வீட்டில் புத்தகத்தைத் திறந்தார். ஐந்தாம் பாடம் வந்தது. பழைய வழக்கப்படி கை முதல் பாடத்தைத் தேடிப் போனது. அங்கே வெறும் அட்டை.

திட்டிவிட்டு ஐந்தாம் பாடத்தைப் படித்தார்.

சனிக்கிழமை போனார். கிழிந்த தாள்களை நீட்டினார். சிஸ்டர் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கி அப்படியே அடுப்பில் செருகினார்.

"திருத்தவாவது பாருங்க. பதினொண்ணு தப்பு இருக்கு, எனக்கே தெரியுது."

"தெரியுதுல்ல. வெந்நீர் ஆறுது, சார்."

எரிச்சலில் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார். ஒரு முறை மனசு கேட்காமல் ஏழாம் பாடத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு எட்டை மட்டும் கொடுத்தார். சிஸ்டர் நீட்டிய கையை மடக்கவில்லை. ஊரில் எத்தனையோ பையன்களின் சட்டைப் பையிலிருந்து பிட்டு எடுத்தவர், தன் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தார்.

தவக்காலத்தில் தொடங்கியது மழைக்காலத்தைத் தொட்டது. புத்தகம் பாதியாக மெலிந்தது. தப்புகள் அவரோடு கூடவே நடந்து வந்தன. சில தானாக வழியில் உதிர்ந்தன, சில உதிரவில்லை. வரிசையில் கால் மாறிய பையனைத் திட்டாமல் நடக்கவிட்டால் பத்தடியில் அவனே சரியாகிவிடுவானோ என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டார்.

அந்த வாரம்தான் கல்லில் இருந்த முதல் சொல் பாடத்தில் வந்தது.

'இன்னும்.'

புத்தகத்தை அப்படியே கவிழ்த்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினார். கல்லின் முன்னால் நின்றார்.

இன்னும் என்ன?

இன்னும் படிக்கலையா? அப்படித்தான் கேட்டிருப்பாள், திமிர் பிடித்தவள். இன்னும் புரியலையா? ஊர் சிரிப்பதற்கு அது பொருத்தம்தான். இன்னும் உசுரோடதான் இருக்கீங்களா? அப்படியும் கேட்கக்கூடியவள்தான்.

ஒவ்வொன்றுக்கும் கல்லிடம் ஒரு பதில் கத்தினார். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. புதன்கிழமையே மலையேறினார்.

"ஒண்ணு தெரிஞ்சிருச்சு. இன்னொண்ணு என்ன? எந்தப் பாடத்துல வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

"கல்லுல என்ன எழுதியிருக்கு? சொல்லுங்க, பாக்கலாம்."

வாயைத் திறந்தவர் டக்கென்று மூடிக்கொண்டார்.

"சொன்னா நீங்க அர்த்தம் சொல்லிருவீங்க."

"ஆமா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப எனக்கும் எந்தப் பாடம்னு தெரியாது."

"ஒருத்தன் தவிக்கிறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கிறீங்களே, இதெல்லாம் ஒரு சாமியார்மடமா?"

"ஆட்டுக்கல்லுல மாவு கிடக்கு. நின்னுக்கிட்டுத்தான் கத்தணும்னா அதையும் ஆட்டிக்கிட்டே கத்துங்க. இன்னைக்கு கரண்ட் இல்லை."

அவர் ஆட்டினார். கத்திக்கொண்டேதான் ஆட்டினார். மாவு நன்றாகவே வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. தாள்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாமல் அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாளை நினைத்தாலே ஆத்திரம் வந்தது. மறுபடி அதே கூட்டம், அதே போன், அதே சிரிப்பு. வேறு வேலை இல்லாமல் அடுத்த பாடத்தைத் திறந்தார்.

பயிற்சியின் முதல் வரியை வாய்விட்டுத் தமிழில் சொன்னார்.

"வாத்தியார் பையன்கள் மேல கோபப்படுகிறார்." நிமிர்ந்தார். "பாத்தீங்களா? இவன் எனக்குன்னே எழுதியிருக்கான். இங்கிலாந்துல உக்காந்துக்கிட்டு."

"அடுத்த வரி?"

"பையன் வாத்தியாரைக் கேட்கிறான். ஏன்..."

நின்றார்.

சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் ஒரு சுள்ளியை வைத்தார்.

சூசைமாணிக்கம் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். சோப்புத் தண்ணீர் போட்டு வாராவாரம் கல்லறையில் அவர் தேய்த்துக் கழுவுகிற எழுத்துகள் அவை. எந்த எழுத்தின் கொக்கியில் பாசி பிடிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"கோபமா," என்றார்.

மழை ஓட்டில் அடித்தது.

"இன்னும் கோபமா."

"என்ன, சார்?"

"இன்னும் கோபமான்னு கேக்குறா."

சிஸ்டர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சாயங்காலம் மைதானத்துல இருந்து வந்து தட்டு முன்னால உக்காருவேன். யார் மேலயாவது வெறியோடதான் வந்திருப்பேன். சோத்தைப் போட்டுட்டு இதைத்தான் கேப்பா. தெனமும். இதே ரெண்டு வார்த்தை."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிசைஞ்சு தின்னுட்டு எந்திரிச்சுப் போவேன்."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

அழப் போகிறார் என்று சிஸ்டர் நினைத்தார். அவர் அழவில்லை. மேசையை ஓங்கிக் குத்தினார்.

"ஆமாடி, கோபந்தான். இன்னும் கோபந்தான். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா? கத்துனா கத்திட்டுப் போறான்னு சொல்லியிருக்கலாம்ல? கத்திக்கிட்டே உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா? என்னை என்னன்னு நெனச்ச?"

மாடி ஜன்னல் திறந்தது. இந்த முறை மூடவில்லை.

அவர் கத்தி முடிக்கும் வரை சிஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பானையில் வெந்நீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

அவர் குரல் கீழே வந்தது.

"அந்தக் கேள்விக்குக் கீழ பாதிக் கல்லை வெட்டாம விடச் சொல்லியிருக்கா, சிஸ்டர். வழவழன்னு இழைச்சு, காலியா விடச் சொல்லியிருக்கா. அது அவருக்குன்னு கல்லு வெட்டுறவன்கிட்ட சொன்னாளாம்."

"ம்."

"என் பேரை வெட்டத்தான்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."